டிமென்சியா பராமரிப்பு ஆய்வுக்கு நிதி: திருகோணமலையில் இருந்துகொண்டு எதற்கு விண்ணப்பிக்கலாம்?

உப்புவெளி_தாதி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், நேரம் இருக்கிறவர்கள் வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

நான் தாதியியல் பட்டதாரி, ஊர் திருகோணமலை. டிமென்சியா என்கிற மறதி நோய் வந்த பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பங்களைப் பற்றி எம்.ஃபில். முடித்திருக்கிறேன். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாகவே போய் வீடு வீடாகக் கதைத்து எடுத்த நேர்காணல்கள். அநேகமான வீடுகளில் கதை ஒன்றுதான். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதா மாதம் கிளினிக் கொப்பி ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும், ஆனால் அம்மா தன் மகளைத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கி எவ்வளவோ காலம் ஆகியிருக்கும், அது அந்தக் கொப்பியில் எங்கேயும் இருக்காது. வயது போனால் அறளை பெயருவதுதானே என்று வீட்டாரும் சொல்வதில்லை, கிளினிக்கில் நிற்கிற சனத்துக்குள் டொக்டருக்கும் கேட்க நேரமில்லை.

இந்த வேலையை இதோடு விட மனமில்லை. அடுத்ததாகச் செய்ய நினைப்பது, பராமரிக்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் பாடத்தொகுதியை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி, ஊர் முதியோர் சங்கங்கள் வழியாகக் கொடுத்து, உண்மையில் பாரம் குறைகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன். ஒப்பந்தத்தை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள்.

போன கிழமை பிரித்தானிய அமைப்பு ஒன்றின் அறிவித்தல் கண்ணில் பட்டது. டிமென்சியா பராமரிப்பு ஆய்வில் இப்போதுதான் காலூன்றுகிறவர்களுக்கான தொழில் முன்னேற்ற நிதி. சம்பளம், பயிற்சி, வழிகாட்டி, மாநாட்டுச் செலவு எல்லாம் உண்டு. எனக்கென்றே எழுதினது போல இருந்தது. கீழே போய் வாசித்தால், விண்ணப்பத்தை அனுப்புவது அங்குள்ள பல்கலைக்கழகமாக இருக்க வேண்டுமாம்.

அதனால் கேட்கிறேன். இங்கே இருந்துகொண்டே விண்ணப்பிக்கக்கூடிய நிதி ஏதாவது இருக்கிறதா? இல்லை முதலில் பிஎச்டி முடித்தால்தான் ஆள் என்று கணக்கெடுப்பார்களா? நிரந்தரப் பதவி இல்லாதவர் கேட்கலாமா? இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் என்னால் வெளிநாட்டில் இருக்க முடியாது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கோட்டைமான்

திருமலைப் பிள்ளை கேட்கிறபோது பேசாமல் போக முடியவில்லை. நானும் அங்கேதான் பிறந்து வளர்ந்தவன், இப்போது இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு ஆய்வில் இருக்கிறேன்.

முதலில் அந்த நிபந்தனை ஏன் என்று விளங்கிக்கொள்ளுங்கள், பிறகு கோபம் வராது. அல்சைமர்ஸ் சொசைட்டி போன்ற தொண்டு நிறுவனங்கள் பொதுவாக ஆய்வாளரின் சம்பளத்தையும் நேரடிச் செலவையும்தான் கொடுக்கும். கட்டடம், கரண்ட், நிர்வாகம் என்ற மறைமுகச் செலவைப் பல்கலைக்கழகம் தாங்க வேண்டும், அதில் ஒரு பங்கை ஈடுசெய்ய இங்கிலாந்து அரசு தனியாக ஒரு நிதி வைத்திருக்கிறது. ஆகவே முழு ஏற்பாடும் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. சுகாதார, பராமரிப்பு ஆய்வுக்கு நிதி கொடுக்கிற அரசின் என்ஐஎச்ஆர், அல்சைமர்ஸ் சொசைட்டியோடு சேர்ந்து கொடுத்த தொழில் முன்னேற்ற விருதுகளும் அப்படித்தான்: ஆரம்ப மருத்துவம், பொதுச் சுகாதாரம், சமூகப் பராமரிப்பு என்ற மூன்று ஆய்வுப் பள்ளிகளைச் சுற்றி அமைந்தவை. இங்குள்ள பராமரிப்பு முறையைத் திருத்த இங்குள்ள வரிப்பணமும் நன்கொடையும், அவ்வளவுதான். வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு வாசல் திறந்திருப்பது போலத் தெரியும்.

இன்னொன்று, "ஆரம்பநிலை ஆய்வாளர்" என்று இவர்கள் எழுதுவது பெரும்பாலும் பிஎச்டி முடித்த நாளில் இருந்து எண்ணுகிற கணக்கு. உங்களுக்கு எத்தனை வயது, வார்டில் எத்தனை வருஷம் நின்றீர்கள் என்பதெல்லாம் அதில் வராது. சுகாதார ஆய்வுக்கு நிதி கொடுக்கிற பிரித்தானியத் தொண்டு நிறுவனமான வெல்கம் டிரஸ்டின் ஆரம்பநிலை விருதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்தே கேட்கலாம். வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இந்தியாவும் சீனப் பெருநிலமும் தவிர மற்றவை உள்ளே. வழக்கமாக ஐந்து வருஷம், சம்பளத்தோடு ஆய்வுச் செலவுக்கு 4 லட்சம் பவுண் வரை. வாசிக்கும்போதே தலை சுற்றும். ஆனால் அது பிஎச்டியும் முடித்து, சொந்தமாக ஒரு கேள்வியை முன்னெடுக்கத் தயாரானவருக்கு. அமெரிக்காவின் அல்சைமர்ஸ் அசோசியேஷன் கொடுக்கிற ஆய்வு ஃபெலோஷிப்பும் அப்படியே, எந்த நாட்டவரும் கேட்கலாம், ஆனால் கலாநிதிப் பட்டம் வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் சொல்வது வேறொன்று. குளோபல் பிரெய்ன் ஹெல்த் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக ஜிபிஎச்ஐ. 2015இல் தொடங்கியது, டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அட்லாண்டிக் ஃபெலோ என்று எடுப்பார்கள், முழுநேரமாக இருந்தால் ஏறத்தாழ ஒரு வருஷம், உதவித்தொகையும் உண்டு. டொக்டர்மார் மட்டுமில்லை, தாதியர், சமூக சேவையாளர், பத்திரிகையாளர், ஓவியர் என்று எல்லாரும் போயிருக்கிறார்கள். இதில் பிடித்த விஷயம், ஒருமுறை உள்ளே போனவர்களுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிச் செய்யச் சின்னத் திட்ட நிதி கேட்கலாம், வழக்கமாக 25,000 டொலர் வரை, அதற்கு அல்சைமர்ஸ் அசோசியேஷனும் இங்குள்ள அல்சைமர்ஸ் சொசைட்டியும் பங்கு போடுகின்றன. பார்த்தீர்களா, அந்தச் சொசைட்டியின் காசு முன்வாசலால் உங்களுக்கு வராது, இந்தப் பக்கத்தால் வரலாம். பல நாட்டவரோடு போட்டி, ஆங்கிலத்தில் நேர்முகம். ஆனாலும் உங்களிடம் இருப்பது போல கரையோரக் கிராமங்களில் எடுத்த நேர்காணல்கள் எத்தனை பேரிடம் இருக்கும்?

பிஎச்டிக்கு இங்கே வர நினைத்தால் ஒரு எச்சரிக்கை. பல டிமென்சியா பிஎச்டி இடங்களுக்குக் கொடுக்கிற காசு உள்நாட்டு மாணவர் கட்டணத்துக்குத்தான் போதும், வெளிநாட்டு மாணவர் கட்டணத்தோடு உள்ள இடைவெளியை நீங்கள் கட்ட வேண்டி வரும். 2021இல் இருந்து யூகேஆர்ஐ என்கிற பிரித்தானிய அரசு ஆய்வு அமைப்பின் நிதிகளில் 30 வீதம் வரை வெளிநாட்டவரை எடுக்கலாம் என்று மாற்றினார்கள், அந்த இடங்களைக் குறிவைத்துத் தேடலாம். "டிமென்சியா ரிசர்ச்சர்" என்று யூசிஎல் என்கிற லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்து நடத்துகிற இணையத்தளம் இருக்கிறது, நிதி அறிவித்தல்களும் முடிவுத் திகதிகளும் அங்கே வரும். அதைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

வந்தாறுமூலை_வாத்தி

கோட்டைமான் சேர் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே இருந்து பார்க்கிறபோது தெரியாத ஒரு விஷயத்தை நான் சொல்ல வேண்டும். நான் கிழக்கில் கற்பிக்கிறவன்.

தங்கச்சி, உங்களுடைய பிரச்சினை காசு இல்லை, கதிரை. வெல்கம் என்றாலும் அமெரிக்கா என்றாலும் அவர்கள் ஆளுக்குக் காசு அனுப்புவதில்லை, நிறுவனத்துக்குத்தான் அனுப்புவார்கள். நிறுவனம் "இவர் எங்கள் ஆள், இந்த ஐந்து வருஷமும் இடம் தருவோம், நேரம் தருவோம்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வருஷம் இருப்பாரோ தெரியாத தற்காலிக ஆளுக்கு எந்தப் பீடாதிபதி அப்படி எழுதுவார்? அமெரிக்க அரசின் சர்வதேச சுகாதார ஆய்வுக்கான ஃபோகார்டி நிலையத்தின் கே43 விருது இதற்கு நல்ல உதாரணம். நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிற இளம் ஆய்வாளருக்கென்றே வகுத்தது, முதுமை ஆய்வுக்கான தேசிய நிறுவனமும் அதில் பங்கேற்றிருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கிறவருக்கு இங்குள்ள நிறுவனம் ஒன்றில் கற்பித்தல் அல்லது ஆய்வுப் பதவி இருக்க வேண்டும், அமெரிக்காவில் ஒரு வழிகாட்டி, இங்கே ஒரு வழிகாட்டி, நேரத்தில் முக்கால்வாசி அதற்கே. அதற்கு மேல் பல்கலைக்கழகம் அமெரிக்க அரசின் இணையப் பதிவுகளில் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும், அதுவே கிழமைக் கணக்கில் இழுபடும். போதாக்குறைக்கு 2025இல் வெளிநாடுகளுக்குப் போகிற அமெரிக்க ஆய்வு நிதியின் விதிகளே மாறத் தொடங்கிவிட்டன. அதை நம்பி மூன்று வருஷத் திட்டம் போடாதீர்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே நிற்க முடியாது என்று சொன்னீர்கள் அல்லவா, அதற்குப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. பிஎச்டியை இலங்கையில் பதிந்துவிட்டு, கொமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் புலமைப்பரிசிலில் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு வருஷம் வரை இருந்து வரலாம். பட்டம் இங்கே, பயிற்சி அங்கே. நாட்டுப் பட்டியலையும் நிபந்தனைகளையும் அந்தந்த வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதற்கு நீங்கள் இங்கே பதிந்திருக்க வேண்டும். அதற்கு மேற்பார்வையாளர் வேண்டும். கிழக்கில் மறதி நோயைத் தன் துறையாக எடுத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மட்டக்களப்பில் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது, தாதியியலும் மருத்துவமும் அங்கேதான். ஒருவர் அங்கேயும் ஒருவர் கொழும்பு, களனி, பேராதனை பக்கமும் என்று இரண்டு பேரைக் கேளுங்கள். கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது, அங்கே போனால் வல்லாரையில் ஆய்வு செய்யச் சொல்வார்கள். பகிடிக்குச் சொன்னேன், அவர்களிடம் கிளினிக்குக்கு வருகிற முதியவர்கள் நிறையப் பேர், ஆட்களைச் சேர்க்க அது உதவும்.

உள்நாட்டுக் காசு? தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது, தேசிய ஆராய்ச்சிப் பேரவை இருக்கிறது, பல்கலைக்கழகங்களின் சொந்த ஆய்வு நிதியும் உண்டு. தொகை சின்னது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இன்னும் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் ஒரு முன்னோடி ஆய்வுக்குப் போதும், அப்புறம் வெளிநாட்டு விண்ணப்பத்தில் "முன்னர் பெற்ற நிதி" என்ற கட்டத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும். அந்த வரியின் பெறுமதி தொகையைவிடப் பெரிது. மேற்பார்வையாளர் பெயரில் விண்ணப்பித்து நீங்கள் ஆய்வு உதவியாளராகச் சம்பளம் எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வந்தால், எந்த ஃபெலோஷிப் முடிவுக்குக் காத்திருந்தாலும் முதலில் அதற்குப் போடுங்கள். நிரந்தரமானால் சம்பளத்தோடு படிப்பு விடுமுறை எடுக்கலாம். பொண்ட் எழுதித் தர வேண்டும், திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர்கள் மாட்டுவார்கள். நீங்கள் திரும்பி வருகிற ஆள் என்றபடியால் அது உங்களுக்குப் பயமில்லை.

காட்பாடி

நான் தமிழ்நாடு. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் கொஞ்சம் வேலை நடந்திருக்கிறது, உங்களுக்குப் பயன்படலாம்.

10/66 என்று ஒரு ஆய்வுக் குழு உண்டு, 1998இல் ஆரம்பித்தது. டிமென்சியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் அப்போது வளரும் நாடுகளில் இருந்தார்கள், மக்கள்தொகை ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை, அதனால் அந்தப் பேர். இந்தியாவில் அவர்கள் எடுத்த இரண்டு இடங்களும் தமிழ் பேசுகிற இடங்கள்: சென்னை நகரம், வேலூர் கிராமப்புறம். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கிராமப்புறத்தில் வழக்கமான அமெரிக்க அளவுகோலை வைத்தால் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 0.3 சதவீதம்தான் டிமென்சியா. அவர்கள் புதிதாகச் செய்த முறையை வைத்தால் அதைப்போலப் பல மடங்கு. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. பாட்டி எதையும் தனியாகச் செய்ய வேண்டும் என்று வீட்டில் யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் அவரால் செய்ய முடியவில்லை என்பதும் யார் கண்ணிலும் படுவதில்லை. பேங்க்குக்குப் பேரன் போகிறான், சமையல் மருமகள், சாப்பாடு தட்டில் வந்துவிடுகிறது. அப்புறம் "அன்றாட வேலைகளில் சிரமம் உண்டா" என்று படிவத்தில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

நீங்கள் பயிற்சி கொடுத்துப் பாரம் குறைகிறதா என்று அளக்கப் போகிறீர்கள். அதற்கு முன்னால் யாருக்கு டிமென்சியா என்று எப்படிச் சொல்வீர்கள்? விண்ணப்பத்தை மதிப்பிடுகிறவர் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். இலங்கையில் ராகமையில் 703 பேரிடம் எடுத்த ஆய்வு 2003இல் வந்தது, 65க்கு மேற்பட்டவர்களில் 3.98 சதவீதம் என்று. நல்ல ஆய்வு. ஆனால் கொழும்புக்குப் பக்கத்தில் அரை நகர்ப்புறத்தில் எடுத்த அந்த எண்ணை வைத்து உங்கள் மூதூரையோ சம்பூரையோ கணக்குப் போட முடியாது. இந்தியாவில் ஐசிஎம்ஆர் என்கிற அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரிய செலவில் ஒரு நினைவாற்றல் பரிசோதனைத் தொகுதி செய்தது, இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஐந்திலும். தமிழ் இல்லை! எங்களுக்கே வயிற்றெரிச்சல். ஆனால் 10/66 குழு பயன்படுத்திய சிஎஸ்ஐ-டி என்ற கருவி, படிக்காதவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி செய்தது, வீட்டில் பார்த்துக்கொள்கிறவரையும் உட்கார வைத்துக் கேட்கும். அதைத் தமிழில் பயன்படுத்தியவர்கள் வேலூர், சென்னைப் பக்கம் இருக்கிறார்கள், கேட்டு வாங்கலாம்.

என்னைக் கேட்டால் உங்கள் முதல் விண்ணப்பம் பயிற்சிக்கு வேண்டாம். அந்தக் கருவியைத் திருகோணமலையில் சரிபார்க்கிற ஒரு சின்ன ஆய்வுக்குக் கேளுங்கள். செலவு குறைவு, ஒரு வருஷத்தில் கட்டுரை வரும், பின்னால் வருகிற எல்லோரும் உங்களை மேற்கோள் காட்டியே ஆக வேண்டும். சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பு போன்ற இடங்களில் குறுகிய காலப் பயிற்சி கேட்டுப் பாருங்கள். இந்திய அரசின் ஐசிசிஆர் உதவித்தொகையும் இலங்கையருக்கு உண்டு.

கிண்ணியா_மகள்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஆய்வாளர் இல்லை. உம்மாவைப் பார்க்கிறேன், அதற்காகத் தேடப் போய்த்தான் இந்த இடத்துக்கு வந்தேன். பெரிய ஆட்கள் காசைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விப் படிவத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது.

உம்மாவுக்கும் ஒரு இடத்தில் சோதனை செய்தார்கள். இது என்ன பருவகாலம் என்று கேட்டார்கள். உம்மா "வெயில்" என்றா. கேட்டவர் பிழை போட்டார். திருகோணமலையில் பங்குனி மாதம் வெயில் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? பிறகு ஒரு தாளைத் தந்து மணிக்கூடு கீறச் சொன்னார்கள். உம்மா வாழ்க்கையில் பென்சில் பிடித்ததில்லை, பாங்கு சத்தத்தில் நேரம் பார்க்கிறவ. தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டா. பிறந்த வருஷம் கேட்டார்கள், அடையாள அட்டையில் இருக்கிற வருஷமே யாரோ குத்துமதிப்பாக எழுதினது.

உண்மையில் எங்களுக்கு விளங்கினது வேறு விதமாக. 2009இல் இருந்து கிண்ணியாப் பாலம் இருக்கிறது, அதற்கு முன் பாதை என்கிற படகில்தான் கடப்போம். உம்மா போன வருஷத்தில் இருந்து பின்னேரமானால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு துறைக்கு நடக்கிறா, "பாதை வந்திட்டுதா, கடைசிப் பாதை போனா வாப்பா அந்தப் பக்கம் நிண்டிடுவார்" என்று. வாப்பா மவுத்தாகிப் பல வருஷம். தலைக்கு மேலே பாலத்தில் பஸ் போகிறது, அவ தண்ணியைப் பார்த்துக்கொண்டு பாதைக்கு நிற்கிறா. கூட்டிக்கொண்டு வர ஒவ்வொரு நாளும் ஒருவர் வேண்டும். என் மகன் டியூஷனுக்குப் போகாமல் நிற்கிறான். இதை அளக்கிற படிவம் உங்களிடம் இருக்கிறதா?

பயிற்சி தருவதென்றால் பகலில் மண்டபத்துக்கு வரச் சொல்லாதீர்கள். நான் வந்தால் உம்மாவை யார் பார்ப்பது? காசு கேட்கிறபோது அதையும் சேர்த்துக் கேளுங்கள், எங்களுக்குப் பதிலாக இரண்டு மணித்தியாலம் வீட்டில் இருக்க ஒரு ஆளுக்கு.

கோட்டைமான்

கிண்ணியா_மகள், நீங்கள் இப்போது எழுதினதுக்கு இங்கே ஒரு பெயரும் ஒரு பட்ஜெட் தலைப்பும் இருக்கிறது. அல்சைமர்ஸ் சொசைட்டியில் ஆய்வு வலையமைப்பு என்று ஒன்று, டிமென்சியா உள்ளவர்களும் அவர்களைப் பார்க்கிற குடும்பத்தாரும் தன்னார்வமாகச் சேர்ந்தது. பேராசிரியர்மார் எழுதுகிற விண்ணப்பங்களை அவர்களும் வாசித்து இது தேவையா இல்லையா என்று கருத்துச் சொல்வார்கள். எத்தனையோ அழகான விண்ணப்பங்கள் அங்கே அடிபட்டுப் போகும். என்ஐஎச்ஆரிலும் பொதுமக்கள் பங்கேற்பைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஆய்வுக்கு வருகிற நேரத்தில் வீட்டில் மாற்று ஆள் வைக்கிற செலவைத் தாராளமாகக் கேட்கலாம், கேட்காவிட்டால்தான் இவருக்கு விஷயம் தெரியாது என்று நினைப்பார்கள்.

வயது விஷயத்துக்கு 10/66 குழு ஒரு வழி வைத்திருந்தது, ஊர்ச் சம்பவங்களின் நாட்காட்டி. எழுதின வருஷம் இல்லையென்றால் "அந்த வெள்ளம் வந்தபோது நீங்கள் எவ்வளவு உயரம்" என்று கேட்டு வயதைக் கிட்டத்தட்டப் பிடிப்பது. திருமலைக்கு இதைவிட நல்ல நாட்காட்டி எங்கே இருக்கிறது? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான்காரன் குண்டு போட்டது, 1964 மார்கழிப் புயல், 2004 சுனாமி. எங்கள் அப்பம்மா எல்லாத்தையும் குண்டுக்கு முன், குண்டுக்குப் பின் என்றுதான் சொல்லுவா.

வாத்தி சேரோடு ஒரு இடத்தில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். நிரந்தரப் பதவி, நிரந்தரப் பதவி என்று காத்திருந்து நாற்பது வயதில் முதல் கட்டுரை எழுதினவர்களை எனக்குத் தெரியும். பதவி கிடைத்த உடனே பதினைந்து மணித்தியால விரிவுரையும், பரீட்சைத் தாளும், குழுக் கூட்டமும் தலையில் விழும். பதவி வராத காலத்தில் எழுதக் கிடைக்கிற நேரம் பிறகு வராது. எம்.ஃபில். நேர்காணல்களில் இருந்து இந்த வருஷமே ஒரு கட்டுரையை எடுங்கள்.

வந்தாறுமூலை_வாத்தி

நாற்பது வயதில் எழுதினவர்களில் நானும் ஒருவன், பரவாயில்லை சேர். இரண்டையும் செய்யட்டும் என்றுதான் சொல்கிறேன். வீட்டுச் செலவைப் பார்க்கிற ஒருவருக்கு ஃபெலோஷிப் முடியும் நாளுக்கு அடுத்த நாள் என்ன என்ற கேள்வி இருக்கிறது, அதை இங்கிலாந்தில் இருந்து கேட்பதும் கன்னியாவில் இருந்து கேட்பதும் ஒன்றல்ல.

காட்பாடி சொன்ன கருவி சரிபார்க்கிற யோசனை மிக நல்லது. அதை உள்நாட்டு நிதிக்கும் போடலாம், பிஎச்டியின் முதல் அத்தியாயமாகவும் வைக்கலாம். ஆனால் மூதூர், கிண்ணியா, குச்சவெளி மூன்றையும் சேர்த்தால்தான் திருகோணமலை. பட்டணமும் சூழலும் என்று எடுத்துவிட்டு மாவட்டம் என்று தலைப்பு வைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு உண்டு.

உப்புவெளி_தாதி

எல்லாருக்கும் நன்றி. காட்பாடி அண்ணா சொன்னதைப் படித்தபிறகு என் திட்டத்தை முன்பின்னாக மாற்றப் போகிறேன். முதலில் கருவி, பயிற்சி அதன் பிறகு. மட்டக்களப்பில் ஒருவரையும் களனியில் ஒருவரையும் மேற்பார்வைக்குக் கேட்டு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிபிஎச்ஐக்கு அடுத்த சுற்றில் போடுவேன், கிடைத்தால் டப்ளின்தான், சான் பிரான்சிஸ்கோ வாடகையைப் பார்த்தே பயம் வந்துவிட்டது. ஸ்பிளிட்-சைட் பிஎச்டி பதிந்த பிறகு. நிரந்தரப் பதவி விளம்பரம் வந்தால் வாத்தி சேர் சொன்னது போல அதற்கும். கட்டுரைக்கு ஒரு கேள்வி: எம்.ஃபில். மேற்பார்வையாளர் பெயர் முதலில் வர வேண்டும் என்று சொல்கிறார்கள், நான்தான் எழுதுகிறேன். அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாகக் கேட்கிறேன், இங்கே தொடங்கினால் முடியாது.

கிண்ணியா அக்கா, விண்ணப்பத்தின் சுருக்கத்தைச் சாதாரணத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் வாசித்து வெட்ட வேண்டியதை வெட்டித் தருவீர்களா? நான் பஸ்ஸில் வந்துவிடுவேன், உங்களுக்கு எந்த நாள் வசதி?

கிண்ணியா_மகள்

சனிக்கிழமை வாங்க. காலையில் வராதீர்கள், காலையில் உம்மா நல்லாத்தான் இருப்பா, உங்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றித் தந்து நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்க வைத்துவிடுவா. அஸருக்குப் பிறகு வாங்க.

வந்தாறுமூலை_வாத்தி

தங்கச்சி, சுருக்கத்தைக் காட்டி ஆலோசனை கேட்பது பரவாயில்லை. எதிக்ஸ் அனுமதி கைக்கு வரும்வரைக்கும் அங்கே கண்டதைத் தரவு என்று கொப்பியில் எழுதிவிடாதீர்கள், ஃபோனில் பதியவும் வேண்டாம். விண்ணப்பம் போட்டால் அனுமதி வர மாதங்கள் ஆகும், அதனால் அந்தப் படிவத்தை மேற்பார்வையாளர் பதில் வருவதற்கு முன்பே நிரப்பத் தொடங்குங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தகவல் தாள் கேட்பார்கள்.